குமுதாவின் பிக்கப்புக்கு ஒரு சூப்பர்சார்ஜர்

குமுதாவுக்கு வயது ஐம்பத்தொன்று. டத்தோ கிராமாட்டில் அவள் பிக்கப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினால், காப்பிக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே! ஐந்தடிகூட இல்லாத பெண், தன் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய வண்டியில் கம்பியைப் பிடித்து ஏறி, முதுகுக்குப் பின்னால் தலையணை ஒன்றைச் செருகிக்கொண்டு ஓட்டுகிறாள் என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

வண்டியைத் தூக்கிக் கட்டியவர் அவள் புருஷன் பக்கிரிசாமி. ஆயர் ஈத்தாமுக்கு மேலே ஒரு மலைத்தோட்டம். அங்கே உரமூட்டை ஏற்றிப் போவதும், டுரியான் பழத்தை இறக்கி வந்து சந்தையிலும் கெப்பாலா பத்தாஸ் மொத்த வியாபாரியிடமும் சேர்ப்பதும்தான் அவர் பிழைப்பு. பாதையில் பிதுங்கி நிற்கிற கற்கள் வண்டியின் அடிவயிற்றை இடித்துக்கொண்டே இருந்ததால் வண்டியை உயர்த்தி, பெரிய டயரும் போட்டார். ஒரு வருஷம்தான் ஓட்டினார். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் ஓரளவு திரும்பி வந்தது, கை வரவில்லை. அப்போதுதான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த பேக்டரி ஆட்குறைப்பு என்று சொல்லிக் குமுதாவை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அழுதுகொண்டு உட்கார அவளுக்கு நேரமில்லை. சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எல்லாம் சரி, மூன்றாவது வளைவுதான் சரியில்லை.

தோட்டத்துப் பாதையில் அந்த இடம் செங்குத்தாக நிமிரும். பதினாறு மூட்டை உரத்தோடு அங்கே போனால் வண்டி இருமும், நடுங்கும், அப்படியே அணைந்துவிடும். குமுதா பிரேக்கில் நின்றபடி பின்னால் வழுக்கி இறங்கி, எட்டு மூட்டையைப் பாதையோரம் உருட்டிவிட்டு, மீதியை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்ப வருவாள். ஒன்றரை வருஷமாக இதே பாடு.

தோட்டத்துக்காரர் ஒரு சீனர். எல்லோருக்கும் அவர் தவுக்கே, அதாவது முதலாளி. கெட்ட மனுஷர் இல்லை. ஆனாலும் ஒருநாள் மலாயில் மெதுவாகச் சொன்னார்: "உன் புருஷன் ஓட்டுனப்போ ஆறரை மணிக்கு நான் வந்து பார்த்தா பதினாறு மூட்டையும் மேல இருக்கும். உனக்கு மத்தியானம் ஆகுது. பழம் விழ ஆரம்பிச்சா என்னால காத்திருக்க முடியாது. அதுக்குள்ள ஒரு தடவை முழுச் சுமையோட ஏறிக் காட்டு. முடியலேன்னா வேற லோரி பார்க்கறேன். கோவிச்சுக்காத."

கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இந்த வேலை போனால் அவளுக்கு வேறு வேலை கிடையாது. அதைவிட, புருஷன் ஏற்றினார், தன்னால் முடியவில்லை என்ற பேச்சு அவளைத் தூங்கவிடாமல் அரித்தது.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊதி, கூடுதல் பலம் தருகிற சாமான் ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் சூப்பர்சார்ஜர் என்று பக்கிரிசாமிதான் சொன்னார். இரண்டு பேரும் டவுனில் ஒரு கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பையன் பளபளவென்று ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்து, நேராகப் பக்கிரிசாமியைப் பார்த்து, "அங்கிள், இத போட்டா வண்டி பறக்கும்லா!" என்றான்.

"ஓட்டறது நான்தான், தம்பி" என்றாள் குமுதா.

"ஓக்கே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அங்கிளிடமே குதிரைத்திறன் கணக்கைத் தொடர்ந்தான். விலையைக் கேட்டதும் அங்கிளே எழுந்து வாசலைப் பார்த்து நடந்தார். வண்டியையே விற்றாலும் அவ்வளவு தேறாது.

அப்புறம் கைப்பேசியில் தேடினாள். அங்கே மலிவாக எத்தனையோ கிடந்தன. எந்த ஊர்ச் சாமான், கெட்டுப்போனால் யாரைக் கேட்பது, ஒன்றுக்கும் பதில் இல்லை. வாங்கிவிடலாமா என்று விரல்கூட ஒருமுறை போய்விட்டது. நல்லவேளை, சந்தையில் காய்கறி விற்கும் துஷ்யந்தியிடம் வாய்விட்டுச் சொன்னாள். "ஐயோ, போட்டுறாதீங்க அக்கா! கெப்பாலா பத்தாஸ்ல ஐனான்னு ஒரு மலாய்க்காரப் பொண்ணு பட்டறை வச்சிருக்கா. முதல்ல அவள பாருங்க" என்றாள்.

ஐனாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துடோங் முக்காடு, கையெல்லாம் கிரீஸ். தமிழில் அவளுக்குத் தெரிந்த ஒரே சொல் 'அக்கா'. மற்றதெல்லாம் மலாயில். எடுத்த எடுப்பில் அவள் விலை பேசவில்லை. "எவ்வளவு சுமை? எந்த மேடு? அங்க எத்தனை வேகத்துல போவீங்க?" என்று குமுதாவைப் பார்த்துக் கேட்டாள். குமுதாவைப் பார்த்து! குமுதா நிமிர்ந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அதோடு விட்டாளா? அடுத்த நாள் கடல்பாலம் தாண்டித் தீவுக்கு வந்து, சுமையோடு வண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது வளைவில் வண்டி அணைந்ததும், "உங்க ஓட்டுல ஒரு குறையும் இல்ல, அக்கா. டயர் பெருசாயிடுச்சு, இன்ஜின் அதேதான். அதால இழுக்க முடியல" என்றாள்.

"அப்படின்னா அவர் மட்டும் எப்படி ஏத்தினார்?"

ஐனா உதட்டைப் பிதுக்கினாள். அது அவளுக்கும் புரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பி இன்ஜினைச் சோதித்துப் பார்த்தாள். வயதானாலும் உள்ளே திடமாக இருந்தது. "இது நோஞ்சானா இருந்திருந்தா எதையும் மாட்ட வேணாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். பல்சக்கரத்தை மாற்றுவதுதான் சுலபம், ஆனால் இந்த வண்டிக்கு அது கிடைப்பதில்லை. சிறிய டயர் போட்டால் கல் இடிக்கும். ஆக, சூப்பர்சார்ஜர்தான். அதிலும் டவுன் கடையில் பார்த்தது வேண்டவே வேண்டாம் என்றாள். அந்த ரகம் இன்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக ஊதும். மேட்டில் நத்தைபோல ஊர்கிற வண்டிக்கு அது எதற்கு? கீழ்ச்சுற்றிலேயே ஊதுகிற சின்ன ரகம் ஒன்று அவளிடம் இருந்தது. பழசுதான், ஆனால் பேரிங்கும் சீலும் புதுசாகப் போட்டவள் அவளே. விலை டவுன் கடையில் சொன்னதில் கால்வாசி.

"அழகு கம்மி. ஆனா இதுக்குத் தனி பெல்ட். இது நின்னு போனாலும் தண்ணி பம்ப் நிக்காது, வண்டி நடுவழியில விடாது. அழுத்தத்தையும் குறைச்சுத்தான் வைப்பேன், இன்ஜின் நாளைக்கும் வேணும்ல? இத மாட்ட அரசாங்க அனுமதிக் கடிதம் வேணும், அதுக்கு அலையற வேலையும் என்னோடது. அவசரப்படாதீங்க."

விற்கிறவள் வாயிலிருந்து "அவசரப்படாதீங்க" என்று குமுதா கேட்டது அன்றைக்குத்தான். இவள் நன்றாயிருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தினாள்.

மூன்று வாரத்தில் கடிதமும் வந்தது, சாமானும் ஏறியது. புதுசாக ஒன்றை வண்டியில் மாட்டிவிட்டுப் பூஜை போடாமல் எடுப்பார்களா? பக்கிரிசாமி அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மூடியைத் திறக்கச் சொல்லி, சூப்பர்சார்ஜருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு சின்ன செண்டுமல்லி மாலையையும் அதன் கழுத்தில் கட்டினார். ஒரு கையும் பல்லும்தான் துணை. குமுதா உதவ வந்தபோது, "இரு, நானே கட்டறேன்" என்று சொல்லிவிட்டார். வண்டிக்கென்று அவர் செய்யக்கூடியது இப்போது அது ஒன்றுதானே.

பூஜைக்குப் போட்ட பூவை அன்றைக்கே கழற்ற மனசு வருமா? தானாக வாடி விழட்டும் என்று குமுதா மூடியைச் சாத்தினாள். மறுநாள் காலை பதினாறு மூட்டையோடு கிளம்பியபோதும் மாலை உள்ளேதான் இருந்தது.

தவுக்கே மேலே கைகட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. சார்ஜர் 'ஊங்' என்று பாடிக்கொண்டே வந்தது. மூன்றாவது வளைவில் வண்டி நிமிர்ந்தது. இருமவில்லை, நடுங்கவில்லை. "வாடா ராசா, வா வா!" என்று குமுதா கத்தியேவிட்டாள். செங்குத்து முடிந்து முக்கால் மேடு தாண்டியிருப்பாள், ஒரு கல்லில் ஏறி வண்டி குலுங்கியது. உள்ளே 'சர்ர்' என்று ஏதோ சுற்றியது. பட்டென்று ஓர் அடி. பாட்டு நின்றுவிட்டது. பூ கருகுகிற வாசனை.

போச்சு என்றது மனசு. கால் பிரேக்குக்குப் போகப் பார்த்தது. ஆனால் இன்ஜின் சாகவில்லை. நின்றால் மறுபடி எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் எதையும் யோசிக்காமல் முதல் கியரிலேயே, மிதியைக் கூட்டாமல் குறைக்காமல், கற்களை விட்டு ஒரு சாண் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினாள். கடைசி ஐம்பது அடிக்குக் குழந்தைகூடப் பக்கத்தில் நடந்து வந்திருக்கும். பதினாறு மூட்டையும் மேலே வந்து நின்றன.

மூடியைத் திறந்தால் உள்ளே பூக்கடை! எங்கு பார்த்தாலும் ஆரஞ்சு இதழ். மாலையின் நூல் கப்பியில் இறுக்கிச் சுற்றி, பெல்ட் இரண்டாகக் கிடந்தது. தவுக்கே எட்டிப் பார்த்தார். ஊதுபத்தி ஏற்றாமல் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்காத மனுஷர் அவர். ஓர் இதழை விரலால் எடுத்துப் பார்த்தார்.

"யார் போட்டது?"

"என் புருஷன்."

"நல்லதுதான். நாளையிலிருந்து வெளியில போடச் சொல்லு" என்றார். "பெல்ட் அறுந்தும் ஏறிட்டியே, அப்புறம் நான் எதுக்கு வேற லோரி தேடணும்? இந்த சீசன் உனக்குத்தான்."

குமுதா அங்கேயே டயரில் சாய்ந்து அழுதாள். சந்தோஷ அழுகைதான். ஐனாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் அவள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. "நான் எண்ணெய் கசியும், வெயில் தாங்காதுன்னு எல்லாத்தையும் யோசிச்சேன், அக்கா. பூமாலைய யோசிக்கலையே!" என்றாள். சாயங்காலமே புது பெல்ட்டோடு வந்து மாட்டிவிட்டு, பெல்ட்டின் விலையைத் தவிர ஒரு வெள்ளிக் காசுகூட வாங்க மறுத்துவிட்டாள். குமுதா அவள் கிரீஸ் கையை இரண்டு கையாலும் பிடித்து, "நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னிக்கு நடுமேட்டுலதான் நின்னிருப்பேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பக்கிரிசாமி வாசலிலேயே கேட்டார்: "ஏறுச்சா?"

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நோயாளியைப் போல நடத்தினால் அவருக்குப் பிடிக்காது. சிரித்துக்கொண்டே முழுவதையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "என் மாலையா?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பிறகு, "நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவர் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. அவர் தூக்கிக் கட்டிய உயரம் அவருக்கே எட்டவில்லை. காலையில் குமுதா பழக்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள, அவர் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார்.

பதினாறு மூட்டை. மூன்றாவது வளைவு. சார்ஜர் பாடியது, வண்டி நிற்காமல் ஏறியது. பக்கிரிசாமி ஜன்னல் பக்கமாகப் பாதையோரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அந்த மரம் தெரியுதா? அதுக்குக் கீழதான் எட்டு மூட்டைய இறக்கி வைப்பேன்."

குமுதாவுக்குப் புரியவில்லை. "எப்போ?"

"எப்பவும்தான். இந்த டயர் போட்டதுலேருந்து எனக்கும் ஒரு நாளும் ஒரே தடவையில ஏறல. தவுக்கே வர்றதுக்குள்ள ரெண்டு நடை அடிச்சிரணும்னுதான் நாலரை மணிக்கே கிளம்புவேன். வெளிய சொல்ல வெக்கம். உன்கிட்ட சொல்ல அதவிட வெக்கம்."

குமுதாவின் கண் நிறைந்துவிட்டது. கோபமும் வந்தது, அந்தக் கோபத்தைத் தள்ளிக்கொண்டு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "ஒன்றரை வருஷமா என் கைதான் சரியில்லைன்னு நினைச்சிட்டு இருந்தேங்க. இப்போ எதுக்குச் சொல்றீங்க?"

"நேத்து என் மாலை பெல்ட்ட அறுத்தும் நீ ஏத்திட்டே. இதுக்கப்புறமும் சொல்லாம இருந்தா நான் மனுஷனா?" என்றார் பக்கிரிசாமி. "என்னைவிட நீ நல்லா ஓட்டறே, குமுதா."