சர்வேயர் வீட்டு ஸ்கேனர்

எதிர்வீட்டு அக்கா குளியலறை ஜன்னலுக்கு எதிரே நின்று, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஓர் அட்டைச் சட்டத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். விரல் நுனிகள் ஓரத்தை மட்டும் தொடுகின்றன. "மலை" என்கிறார். அடுத்ததை எடுக்கிறார். "இதுவும் மலை." அதற்கடுத்தது. "இந்த மனுஷன் மலையைத் தவிர வேற எதையுமே பாக்கலையா?"

வேலையிலிருந்து வந்து இன்னும் சீருடைகூட மாற்றவில்லை. அந்த வீட்டில் நல்ல வெளிச்சம் விழுகிற ஒரே இடம் அந்த ஜன்னல்தான்.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பது அக்காவின் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பவர்கள், "அந்த வலிக்காத அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். ஊசி தோலைத் தொடும் முன்பே "அவ்ளோதான், முடிஞ்சுது" என்று சொல்லிவிடுவார். அப்பாடா என்று எதிரே இருப்பவர் மூச்சு விடும் நொடியில் ஊசி உள்ளே போயிருக்கும். அந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. லிஃப்ட் ஓடாத நாளில் முதல் படியில் கால் வைக்கும்போதே "முடிஞ்சுது" என்பார். எதிர்வீட்டுக்காரனான எனக்கு அது கேட்கும். மேலே வந்து சேரும்போது வாயில் பேச்சு இருக்காது.

அவர் கணவரை எங்கள் மாடியில் எல்லோரும் சர்வேயர் என்றுதான் சொல்வோம். அணைக்கும் சாலைக்கும் நிலம் அளந்தவர். அளக்கப் போன இடமெல்லாம் கேமராவும் கூடவே போனது. அட்டைச் சட்டம் போட்ட ஸ்லைடுகளும் நெகட்டிவ் துண்டுகளும் பெட்டி பெட்டியாக அலமாரியில் கிடக்கின்றன. போன மழைக்காலத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம்: "பரவால்ல." தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். காபி சூடு பத்தவில்லை என்று டம்ளரைத் தள்ளிவிட்டு "பரவால்ல!" என்று அவர் கத்துவதைக் கேட்டு முதலில் சிரித்தவன் நான். அக்காவும் சிரித்தார். பிறகு இருவருமே சிரிப்பதை விட்டுவிட்டோம்.

பேச்சுப் பயிற்சி தர வரும் பெண்தான் யோசனை சொன்னாள். "எங்க அட்டையில இருக்கிற ஆப்பிளும் பஸ்ஸும் அவருக்கு அலுத்துப்போச்சும்மா. அவர் கண்ணால பாத்தது ஏதாவது இருந்தா பெருசா காட்டுங்க. வார்த்தை வந்தாலும் வரும்." புரொஜெக்டர் எப்போதோ பழுதாகிவிட்டது. அப்படித்தான் ஸ்கேனர் தேடும் படலம் தொடங்கியது.

மதிய இடைவேளையில் அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு போனில் ஸ்கேனர்களைப் பார்ப்பார். ஒன்று ஸ்லைடை எடுக்கும், நெகட்டிவை எடுக்காது. ஒன்று இரண்டையும் எடுக்கும், ஆனால் புதுக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகாது. தூசியைத் தானே அழித்துவிடும் என்று ஒன்றில் போட்டிருக்கும். கறுப்பு வெள்ளையில் அந்த வித்தை பலிக்காது என்று கீழே யாரோ புலம்பியிருப்பார்கள். "நல்லா இருக்குன்னு ஒருத்தன் சொல்றான். அதே மெஷினைத் தூக்கி எறிஞ்சுட்டேன்னு இன்னொருத்தன் சொல்றான். ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சுப் பேசிக்கச் சொல்லணும் தம்பி."

வெளியூரிலிருக்கும் மகள் போனில் கடிந்துகொண்டாள். "ஏம்மா உயிரை விடுற? கடையில குடுத்துடு, அவங்களே பண்ணிக் குடுப்பாங்க." ஒருநாள் அக்கா பெட்டிகளைப் பையில் அடுக்கி வாசல்வரை கொண்டுபோகத்தான் செய்தார். நாற்காலியில் இருந்த சர்வேயர் இடது கையால் பையின் காதைப் பிடித்துக்கொண்டார். "பரவால்ல" என்றார். விடவில்லை. "அவர் சொல்றது எந்தப் பரவால்லன்னு இப்ப எனக்குத் தெரியும்" என்று சொல்லிப் பையைத் திரும்ப அலமாரியில் வைத்தார் அக்கா.

முதலில் வந்தது ஒரு கையடக்கப் பெட்டி. ஸ்லைடைச் செருகிப் பட்டனை அமுக்கினால் அடுத்த நொடி படம். அன்று அக்காவின் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. டிவியில் போட்டுப் பார்த்தபோது வானம் முழுக்க வெள்ளை பூசியிருந்தது, மலை விளிம்பைக் காணோம், நின்ற ஆட்களுக்கு முகமில்லை. சர்வேயர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளே பெட்டி வந்த வழியே திரும்பிப் போனது.

அடுத்து, மூடியிலேயே விளக்கு வைத்த தட்டை ஸ்கேனர். மாப்பிள்ளை போனில் வழிகாட்டினார்: "அத்தை, நம்பர் எவ்ளோ பெருசா வைக்கிறீங்களோ அவ்ளோ தெளிவு." அக்கா பெரிய நம்பராகவே வைத்தார். மெஷின் முனகிக்கொண்டே இருந்தது, கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றது. என்னைக் கூப்பிட்டார். நம்பரைக் குறைத்தேன், ஓடியது. "மாப்பிள்ளை சொன்ன நம்பர் மாப்பிள்ளை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு" என்றார், சலிப்பாக.

அதன்பிறகு தினமும் இதே வேலை. நாள் முழுக்க நின்ற கால்களை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, ஸ்லைடுக்கு ஸ்லைடு தூசி தட்டி, சட்டத்தில் பொருத்தி, மூடியைச் சாத்துவார். மெஷின் ஓடும் நேரத்தில் தலை தொங்கிவிடும். ஓட்டம் நின்றதும் விழித்துக்கொள்வார். மலை, ஆறு, கூடாரம், மறுபடியும் மலை. திரையில் ஒவ்வொன்றாக வந்தன. சர்வேயர் கண் எடுக்காமல் பார்த்தார். வார்த்தை மட்டும் வரவில்லை.

ஒருநாள் மாடிப்படியில் அக்கா என்னை நிறுத்தினார். "தப்புப் பண்ணிட்டேனோன்னு இருக்கு தம்பி. அவருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. எந்த இடம், யாரு கூட வந்தா, எல்லாம். சொல்லத்தான் முடியல. நான் காட்டக் காட்ட வாயைக் கட்டிப்போட்டு அடிக்கிற மாதிரி ஆகுதோ?" கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிப் போனார்.

ஒயர் ஒன்றை மாற்றித்தர நான் போயிருந்த சாயங்காலம் அது நடந்தது. திரையில் ஒரு மலைச்சரிவு, அடியில் ஆறு, ஆற்றோரம் ஒரு கூடாரம். சர்வேயர் நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினார். "பரவால்ல! பரவால்ல!"

"தண்ணியா? தலகாணியைச் சரி பண்ணவா? பாத்ரூம் போகணுமாங்க?"

இல்லையென்று தலையை ஆட்டினார். இடது உள்ளங்கையைக் கவிழ்த்தார், மல்லாத்தினார், மறுபடி கவிழ்த்தார். உதடு கோணியது. "தி… திரு… திருப்பு."

நாற்காலியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அக்கா அதை ஜன்னல் பக்கம் திருப்பினார். சர்வேயருக்கு வந்ததே கோபம். கழுத்தை ஒடித்துத் திரையைப் பார்த்து, "திருப்பு!" என்றார்.

மூடியைத் திறந்து ஸ்லைடை எடுத்துப் பார்த்தார் அக்கா. பளபளப்பான பக்கம் கீழே இருக்க வேண்டும். அசதியில் மாற்றி வைத்திருக்கிறார், படம் இடம் வலமாக மாறி வந்திருக்கிறது. திருப்பி வைத்து மறுபடி ஓட்டியதும் ஆறு வலதிலிருந்து இடதுக்குப் போனது, கூடாரமும் கூடவே போனது. சர்வேயர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்தச் சரிவில் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியவர் அவர். ஆறு எந்தப் பக்கம் ஓடும் என்பதில் அவரை ஏமாற்ற முடியாது.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்னங்க, இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

"பரவால்ல" என்றார் சர்வேயர்.

பயிற்சிப் பெண் கேட்டு மகிழ்ந்தாள். அட்டைகளைக் காட்டி அவளும் முயன்று பார்த்தாள், கெஞ்சியும் பார்த்தாள். வரவில்லை. "கேட்டா வராதும்மா. தேவைப்பட்டா தானா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நேற்று நான் போனபோது அக்கா அப்போதுதான் உள்ளே வந்திருந்தார். தோளில் பை, காலில் செருப்பு. சர்வேயர் திரைக்கு முன்னால் தயாராக இருந்தார். அக்கா ஒரு ஸ்லைடை எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்து, எது பளபளப்பான பக்கம் என்று பார்த்தார். சரியாகத்தான் சட்டத்தில் வைத்தார். பிறகு, கணவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதை நகத்தால் நெம்பி எடுத்து, மறுபக்கமாகப் போட்டு, மூடியைச் சாத்தினார்.