நடுவில் விழுந்துபோகும் பேச்சு

இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில் சிங்கப்பூர் போலீஸ் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். சாட்சிகள் தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு இங்கிலீஷில் சொல்வது வேலை. முதல் வாரமே தலைகுனிய வேண்டியதாயிற்று. ஒரு சாட்சி மூச்சுவிடாமல் பேசினார். அவர் தொடங்கியது நினைவிருந்தது, முடித்தது நினைவிருந்தது. நடுவில் சொன்னது போன இடம் தெரியவில்லை.

"அவர் அவ்வளவு நேரம் பேசினாரே, நீர் சொல்வது இவ்வளவுதானா?" என்றார் மாஜிஸ்திரேட்டு.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். "நாளையிலேருந்து நான் சாட்சி சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க."

சிராங்கூன் சாலையில் நடந்த சண்டை சச்சரவுகளையெல்லாம் அவள் சமைத்துக்கொண்டே கொட்டுவாள். நான் திருப்பிச் சொல்வேன். விட்டதை அவள் பிடிப்பாள். சொற்களைப் பிடித்து வைத்தால் நிற்கவில்லை. நடந்ததைக் கண்ணால் பார்ப்பதுபோல் நினைத்து, ஒரு செய்திக்கு ஒரு விரலாக மடக்கினால் நின்றது. இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எல்லாம் போயிற்று.

சில மாதம் கழித்து ஒரு மாட்டு வண்டிக்காரர்மேல் வழக்கு. வண்டியை வேகமாக ஓட்டி, ஒரு ரிக்‌ஷாக்காரரின் காலை ஒடித்தார் என்று குற்றச்சாட்டு. பார்த்த சாட்சி ஒரு பால்கார அம்மாள்.

"தொரே, நான் பாலு ஊத்திட்டு வாரேன், வண்டி ஓரமா நிக்குது, இவரு மாட்ட அவுத்துத் தண்ணி காட்டுறாரு, ரிக்‌ஷா வேகமா வந்துச்சு, ஆடு ஒண்ணு குறுக்க ஓடுச்சு, அவன் ஒடிச்சுத் திருப்பி வண்டிச் சக்கரத்துல முட்டிட்டான்!"

அவர் முடிக்கவும் குமாஸ்தா என்னிடம் ஏதோ கேட்டார். நான் திரும்பவில்லை. மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொன்னேன். மாட்டை அவிழ்த்திருந்தார் என்றதும் மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது.

"மாடு பூட்டாத வண்டியா?"

அங்கே முதலில் போய்ச் சேர்ந்த போலீஸ்காரரைக் கேட்டார். அவரும் யோசித்து, ஆமாம் என்றார். வழக்குத் தள்ளுபடியாயிற்று.

வெளியே வண்டிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணுகூட விடலீங்களே, ஐயா!"

"சொன்னது அந்த அம்மா" என்றேன். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்று ரிக்‌ஷா பிடிக்காமல் வீடுவரை நடந்தே போனேன். தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கட்டும் என்றிருந்தது.