தூங்குமூஞ்சி கும்பகர்ணன்

அண்ணனோடு லிஃப்ட் மெக்கானிக் வேலை பார்க்கும் தம்பிக்கு நாடகக் குழுவில் பெயர் 'தூங்குமூஞ்சி'. பதினாறு வருடமாகச் சில்லறை வேடங்கள்தான்; கொட்டாவி விட்டாலே அரங்கம் சிரிக்கும். புது நாடகத்தில் கொஞ்சம் பெரிய வேடம். போலி மருந்து விற்கும் அண்ணனோடு, தெரிந்தே நிற்கும் தம்பி. நாடகத்தில் வீட்டார் எல்லாரும் அவனைக் 'கும்பகர்ணா' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்க வேண்டுமா? ஒத்திகையில் நம் ஆள் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்.

டைரக்டரம்மா சிரிக்கவில்லை.

"கும்பகர்ணன்னா தூக்கம் மட்டுந்தானா? எழுந்ததும் 'நீ செஞ்சது தப்பு'ன்னு அண்ணன் மூஞ்சிக்கு நேரா சொன்னான். அப்புறந்தான் கூட நின்னான். நீங்க வாயை மூடிட்டு நிக்கிறவனா நடிக்கிறீங்க."

பாவம், அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. இவருக்குத்தான் தெரியும்.

போன வாரம் ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் கதவு மூடுமுன்பே லிஃப்ட் கிளம்பி, கூட்டிப் பெருக்கும் பெண்ணின் கால் நசுங்கியது. அதைப் பராமரித்தது அண்ணனும் தம்பியும். ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட, மற்றவர் மறுபடி சோதித்து அதன் கீழே தன் கையெழுத்தைப் போட வேண்டும். அண்ணன் போட்டால் தம்பி பார்க்காமலே போடுவார். அப்பா போன பிறகு ஆளாக்கிவிட்ட அண்ணன் ஆயிற்றே! அந்த மாதம் அண்ணன் சோதிக்க மேலே ஏறவே இல்லை என்பது தெரிந்தும் போட்டார். ஒத்திகைக்கு மறுநாள் விசாரணை. அந்தப் பெண்தான் கதவைத் தடுத்தாள் என்று சொல்வதாக அண்ணன் முடிவு செய்திருந்தார்.

ஒத்திகை முடிந்ததும் தம்பி நேரே அண்ணன் வீட்டுக்குப் போனார்.

"நீ செஞ்சது தப்புண்ணே. நாளைக்கு உள்ளதைச் சொல்லப் போறேன்."

"என்னடா, விபீஷணன் ஆயிட்டியா?"

"அவன் அந்தப் பக்கம் போனான், ராஜ்யமும் கிடைச்சுது. நான் எங்கேயும் போகலண்ணே. உன் பக்கத்து நாற்காலியிலதான் உட்காருவேன். உன் கையெழுத்துக்குக் கீழ என்னுதும் இருக்கு."

அண்ணன் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணையில் தம்பி எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"உண்மைதான் சார். அந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்றார் அண்ணன். "ஆனா இவன் என் முகத்துக்காகப் போட்டான். அந்தக் கையெழுத்தையும் என் பேர்லயே எழுதிக்குங்க."

அப்படியெல்லாம் எழுத முடியாது என்றார் அதிகாரி. இருவருக்கும் வேலை போயிற்று.