மாட்டுக்கெண்டு வாங்கின தவிடு

எனக்குச் சலரோகம் எண்டு தெரிய வந்தது, பேக்கரி வாசலில பாணுக்கு விடியமுன்னமே வரிசையில நிண்ட காலத்தில. சீனி கூப்பனுக்கு மட்டுந்தான். "ஊரெல்லாம் சீனிக்குத் தட்டுப்பாடு, உங்கட ரத்தத்தில மட்டும் தாராளமாக் கிடக்கு" எண்டு என்ர மனிசி பகிடி விடுவா. எனக்குச் சிரிப்பு வராது. திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில கிளார்க்கு வேலை. வெள்ளைச் சேட்டு, மினுக்கின சப்பாத்து. அந்தச் சப்பாத்துத்தான் வலது கால் பெருவிரலைக் கடிச்சது. சின்னப் புண். வெயில் காலத்தில வந்தது, மாரி துவங்கியும் ஆறயில்லை.

கிளினிக் டொக்டர் மூடி மறைச்சுக் கதைக்கிற ஆளில்லை. சீனி குறைஞ்சாத்தான் புண் ஆறும், இல்லையெண்டா விரலை எடுக்கவேண்டி வரும் எண்டு நேராச் சொல்லிப்போட்டார். குளிசை தந்தார். சாப்பாட்டையும் மாத்தச் சொன்னார். நல்லாத் தீட்டின வெள்ளை அரிசி வயித்துக்குள்ள போன கையோட சீனியாகி ரத்தத்தில ஏறிப்போடுமாம். தோலும் தும்பும் உள்ள சாப்பாடெண்டா மெல்ல மெல்லத்தான் ஏறுமாம். கீரை, குரக்கன் எண்டு சொல்லிக்கொண்டு வந்தவர், நெல்லுத் தவிட்டை வறுத்து மாவோட கலந்து ரொட்டி சுட்டுச் சாப்பிடுங்கோ எண்டார்.

"தவிடோ, டொக்டர்?"

"ஓம், தவிடுதான். வெட்கப்பட இதில ஒண்டுமில்லை."

அவருக்கென்ன, சொல்லிப்போட்டார். அந்த நாளையில ஆற்ற வீட்டு அடுப்பில என்ன வேகுது எண்டு பாக்கிறதுதான் சனத்துக்கு வேலை. மரவள்ளி அவிச்சாலே ஆள் வாற சத்தம் கேட்டுச் சட்டியை மூடுவம். கந்தோர்க்காரன் வீட்டில தவிடு தின்னினமாம் எண்டு ஒரு கதை கிளம்பினால் நான் எந்த முகத்தோட கடைத்தெருவால போறது? சீனி வருத்தத்துக்கெண்டு சொன்னாலும் ஆர் நம்புவினம்? பட்டினியை மறைக்கிறதுக்குச் சொல்லுற சாட்டு எண்டுதான் கதைப்பினம்.

கடைத்தெருவில கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெரியவர் ஒருத்தர் மாட்டுத்தீன் வித்தவர். நானா எண்டுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுறது. தம்பலகாமத்து ஆலைகளில இருந்து அவருக்குத் தவிடு வரும். நான் அங்க போய் நிண்டன்.

"எத்தினை மாடு ஐயா?" எண்டார்.

"ஒண்டுதான் நானா. பசு."

வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன். மனிசன் அதோட விடயில்லை. என்ன நிறம், எத்தினையாம் கண்டு, எவ்வளவு கறக்குது எண்டு அக்கறையாக் கேட்டார். சிவலைப் பசு, தலைக்கண்டு, பால் காணாது எண்டு நானும் அளந்தன். என்ர வளவில ஒரு கோழி கூட இல்லை.

"மாட்டுக்கெண்டு பொய் சொல்லி வாங்கித் தின்னுறதுக்கு, எனக்கெண்டு சொல்லி வாங்கினால் குறைஞ்சே போயிடுவீங்கள்?" எண்டு மனிசி ஏசினா. ஏசி ஏசித்தான் தவிட்டைப் புடைச்சு, கல்லுப் பொறுக்கி, வறுத்து, குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் போட்டு ரொட்டி தட்டித் தந்தா. முதல் முதல் மரத்தூளைத் திண்ட மாதிரித்தான் இருந்தது. ஆனால் வேலை செய்தது. கிளினிக்கில சிறுநீரை ஒரு நீலத் தண்ணியோட குழாயில விட்டுக் காய்ச்சுவினம். சீனி கூடவெண்டால் செங்கல் நிறம் வரும், குறைஞ்சால் பச்சை. என்ரது செங்கல்லில இருந்து பச்சைக்கு வந்திட்டுது. புண்ணும் ஓரத்தால காயத் துவங்கினது. டொக்டர் தோளில தட்டினார். எனக்கும் உள்ளுக்குள்ள பெரிய சந்தோசம்.

அதுக்குப் பிறகு வாங்கின தவிடு கறுப்பா, கொஞ்சம் ஈரமாக் கிடந்தது. "இஞ்சாருங்கோ, இது கையில ஒட்டுது" எண்டா மனிசி. புது மூட்டையாக்கும் எண்டு சொன்னன். ரொட்டியை வாயில வைச்சால் ஒரு இனிப்பு. மாசக்கணக்கா சீனியில்லாத வெறுந்தேத்தண்ணி குடிச்ச நாக்கெல்லோ. நல்லா வறுபட்டால் தவிடும் இனிக்கும்போல எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு இன்னொரு ரொட்டி கேட்டு வாங்கினனான். மானங்கெட்ட நாக்கு. அது முடிய ஓடிப்போய் அதே தவிட்டைத் திரும்பவும் வாங்கினன்.

அடுத்த கிளினிக்கில குழாய் திரும்பவும் செங்கல்லாப் போச்சு. விரலும் கறுத்துக் கிடந்தது. என்னத்தைச் சாப்பிட்டனீங்கள் எண்டு டொக்டர் ஏச, மனிசி பையில கொண்டந்த தவிட்டை எடுத்து மேசையில வைச்சா. அவர் மணந்து பாத்தார். ஒரு துளி நாக்கில வைச்சார்.

"இது சீனி ஆலையில மிஞ்சுற கரும்புப் பாணி கலந்த தவிடு. மாட்டுக்குப் போடுறது. ஆர் தந்தது உங்களுக்கு?"

நான் நிலத்தைப் பாத்தன். மனிசிதான் சொன்னா: "மாட்டுக்கெண்டு சொல்லித்தான் டொக்டர் வாங்கினவர்." வாங்கில குந்திக் காத்திருந்த சனம் முழுக்கக் கேட்டது. ஒருத்தர் சிரிக்க, மற்றவையும் சிரிச்சினம். கறுத்த விரலைக் கதிரைக்குக் கீழ ஒளிச்சுக்கொண்டு நான் இருந்த இருப்பு, என்ர எதிரிக்கும் வரக்கூடாது.

விரலைக் காப்பாத்த ஏலாமல் போச்சு. எடுத்தாச்சு.

ஆஸ்பத்திரி வாட்டில படுத்திருக்கேக்க ஒரு பின்னேரம் அந்த நானா வந்தார். கிளினிக்கில சிரிச்ச ஆரோ கடைத்தெரு வரைக்கும் கதையைக் கொண்டுபோயிருக்க வேணும். இவரும் ஒருக்காச் சிரிச்சுப்போட்டுப் போக வந்திருக்கிறார் எண்டு நினைச்சு, மற்றப் பக்கம் திரும்பி நித்திரை மாதிரிக் கண்ணை மூடினன். அவர் போகயில்லை. என்ர கால்மாட்டில நிண்டபடி மனிசியோட கதைக்கத் துவங்கினார்.

"பசு கறக்குதில்ல எண்டு ஐயா கவலைப்பட்டாரு. கந்தளாய் சீனி ஆலைப் பாணி கொஞ்சம் என்ட கையில இருந்திச்சு. அதப் போட்டா பால் கூடும் எண்டு நாந்தான் கலந்தன். சொன்னா அதுக்கும் காசு தருவாரு எண்டுதான் சொல்லாம விட்டன். என்ட கையால கலந்தது தங்கச்சி. கேள்விப்பட்டதில இருந்து சோறு இறங்குதில்ல. ஐயா எழும்பினா என்னை மன்னிக்கச் சொன்னன் எண்டு சொல்லுங்க."

மனிசி என்ர தோளில தட்டினா. ஒருக்கா இல்லை, திரும்பத் திரும்பத் தட்டினா. நான் முழிச்சுத்தான் கிடக்கிறன் எண்டு அவவுக்குத் தெரியும். கண்ணைத் திறந்தால், பசு எண்ட ஒண்டே இல்லை நானா, உங்களில ஒரு பிழையும் இல்லை எண்டு அவற்ற முகத்தைப் பாத்துச் சொல்லவேணும். அந்த வெட்கம் விரல் போன நோவை விடப் பெரிசா இருந்தது. நான் கண்ணைத் திறக்கயில்லை.

"நித்திரையக் கெடுக்க வேணாம்" எண்டு சொல்லிப்போட்டு, கட்டுப் போட்ட என்ர காலை மெல்லமாத் தடவினார். பிறகு போயிட்டார்.