வினோதாவின் நேரம்

என் தங்கை வினோதாவைக் கனடாவுக்குப் போ போ என்று விரட்டியவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது வந்து சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

எங்கள் அம்மா இறந்துபோனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வைத்து, கொழுந்து பறித்தே அவளை வளர்த்தேன். ஏ.எல். வரை படித்தாள். பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். தர்ஷனைக் கட்டிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்கே குடிவந்தாள். நுவரெலியாவில் ஹோட்டல் சமையல்காரனாக இருந்த அவனுக்குக் கனடாவில், எட்மன்டன் என்ற ஊரில் வேலை கிடைத்தது. அவன் முன்னால் போனான். அப்போது இவள் வயிற்றில் பிள்ளை. அந்தப் பிள்ளைக்குப் பத்து மாதமானபோது இருவருக்கும் விசா வந்தது.

"அக்கா, நா இங்கயே இருந்துக்கிறேனே" என்றாள்.

"லயத்துல பொறந்து லயத்துலயே சாகப்போறியா? போடி" என்றேன். வாய் இருக்கிறதே என்று பேசிவிட்டேன்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றையறைக் காம்பராக்கள். இரண்டு காம்பராவுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் பிள்ளை தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று குரல் வரும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு மூன்று வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்வார்கள். மானக்கேடுதான். ஆனால் கைப்பிள்ளைக்காரிக்கு அதைவிட வசதி கிடையாது. பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போகும்போது, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்து "அக்கா, பாத்துக்க" என்று ஒரு சத்தம் போடுவாள் வினோதா. பதிலுக்குக்கூட நிற்கமாட்டாள். பிள்ளை யதுஷன் சிணுங்கினால் நான் போய்த் தொட்டிலை ஆட்டுவேன். நான் இல்லாவிட்டால் அடுத்த வீட்டு மீனம்மா போவாள். எந்தக் கதவுக்கு யார் பூட்டுப் போட்டார்கள்?

ஏப்ரல் கடைசியில் போனாள். அந்த ஊருக்கும் நமக்கும் ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியால வித்தியாசம். நமக்கு உச்சிப் பகல் என்றால் அங்கே நடுச்சாமம். கொழுந்து மலையில் நான் பகல் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போன் வரும். விளக்கு வெளிச்சத்தில் யதுஷன் கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டு கை தட்டுவான். பக்கத்தில் கண் வீங்கிப்போய் அவள்.

"இவன் தூங்கவே மாட்டேங்கிறான்க்கா. இப்ப மணி ரெண்டு. அவரு காலையில வேலைக்குப் போகணும்னு கதவச் சாத்திக்கிட்டுப் படுத்துட்டாரு."

"பகல்ல அவனத் தூங்க விடாத. வெளாட்டுக் காட்டு."

"நானே நின்னுக்கிட்டே தூங்குறேன். இந்த வீட்டுல ஒரு சத்தமும் கேக்கலக்கா. பக்கத்துல ஆளு இருக்காங்களா இல்லையான்னே தெரியல."

"கொஞ்ச நாள்ல சரியாயிரும். போன வச்சிட்டுப் படு" என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் போனையே எடுக்கவில்லை. கொழுந்து நிறுக்கிற நேரம், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா பார்த்தால் கத்துவார் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் அழுகையைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

அவள் போன பதினோராம் நாள் அது நடந்தது. அங்கே காலை பத்தரை மணி. தர்ஷன் வேலைக்குப் போய்விட்டான். விடிய விடிய முழித்திருந்த பிள்ளை அப்போதுதான் கண்ணயர்ந்தது. குப்பைப் பை நாறுகிறது, போட்டுவிட்டு வந்து படுப்போம் என்று எடுத்திருக்கிறாள். வாசலில் நின்று, வீட்டுச் சுவரைப் பார்த்து, "அக்கா, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டாள்.

பாதிப் படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. ஓடி வந்து பார்த்தால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. சாவியும் போனும் உள்ளே. இவள் கதவை இடித்த சத்தத்தில் பிள்ளை எழுந்து வீரிட்டது. அந்த மாடியில் இருந்த அத்தனை வீட்டையும் தட்டினாள். கடைசி வீட்டில்தான் ஒரு வயதான வெள்ளைக்காரர் திறந்தார். அவர் போன் பண்ணி, ஆட்கள் வந்து கதவைத் திறக்க அரை மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் கதவில் வாயை வைத்து, "அம்மா இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று கத்தியிருக்கிறாள். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. இவளுக்குத்தான் மூன்று நாள் தொண்டை கட்டிக் கிடந்தது.

மறுநாள் பிள்ளைகள் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து இரண்டு பெண்கள் விசாரிக்க வந்தார்கள். நல்லவிதமாகத்தான் பேசினார்களாம். மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா போனில் இருந்தார்.

"பிள்ளையைத் தனிய விட்டிட்டு ஏன் வெளியால போனனீங்கள்?"

வினோதாவுக்குப் பொய் சொல்ல வராது. நான் வளர்த்த லட்சணம். "எங்க லயத்துல அப்படித்தாங்க விட்டுட்டுப் போவோம். தெனமும் விடுவோம்" என்றிருக்கிறாள். அந்த அம்மா அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து இவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாசல் மணி அடித்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவாள். அவர்கள் இன்னொரு முறை வந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்போதும் இவள் தேறவில்லை.

"அவங்க என்னய நம்புறாங்கக்கா. எனக்குத்தான் என்னய நம்ப முடியல. இன்னிக்கும் தூக்கக் கலக்கத்துல உன்னக் கூப்புட வாயெடுத்தேன். கொஞ்ச நாளைக்கு நீ இவன வச்சிரு. என் தல தெளிஞ்சதும் கூட்டிக்கிறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிள்ளை வரப்போகிறான் என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறையத் தோன்றுகிறது.

ஜூலையில் தர்ஷன் அவனைக் கொண்டுவந்து விட்டான். நாலு நாள் இருந்தான். போகும்போது, "மதினி, அவ சாப்புடுறதே இல்லீங்க" என்று மட்டும் சொன்னான்.

யதுஷன் அதற்குள் கனடாப் பிள்ளை ஆகியிருந்தான். நான் வேலைக்குப் போகும்போது தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் விட்டால், பகலெல்லாம் அடித்துப்போட்டது மாதிரித் தூங்கினான். "இவனுக்கு என்னா, நைட் டியூட்டியா?" என்று ஆயா கேட்டாள். இருட்டினால் எழுந்து உட்கார்ந்து என் சட்டி பானையை உருட்டுவான். லயமே திட்டியது.

அந்த நேரம் வினோதாவுக்குப் பகல். போனை அரிசி டின்னில் சாய்த்துவைத்து விடுவேன். அவன் தவழ்வதையும் விழுவதையும் பார்த்துக்கொண்டே அவள் சமைத்தாள், சாப்பிட்டாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

"அக்கா, அவன் இன்னும் என் நேரத்துலதான் இருக்கான்" என்றாள்.

எனக்குக் கண் எரிந்தது. பகலில் மலை, ராத்திரியில் இவன். எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஆயாவிடம் சொல்லி, பகலில் அவனைத் தூங்கவிடாமல் மற்றப் பிள்ளைகளோடு விளையாட வைத்தேன். சீக்கிரம் வழிக்கு வரட்டும் என்று முருகனிடமும் நேர்ந்துகொண்டேன்.

பத்தாம் நாள் விளக்குப் போட்டதுமே மடியில் சாய்ந்தான். நானும் பக்கத்தில் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால் காலை ஐந்து மணி. போனில் இருபத்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. பதறிப்போய் எடுத்தேன்.

"யதுவுக்கு என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி. ராத்திரி முச்சூடும் தூங்கிட்டான்! நம்ம ஊரு நேரத்துக்கு வந்துட்டான்" என்றேன் பெருமையாக.

போனைத் திருப்பி அவனைக் காட்டினேன். கம்பளிக்குள் குப்புறக் கிடந்தான். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் சாயங்கால வெயில் அடித்தது. அவளுடைய ஒரு பகல் முழுவதையும் அவன் தூங்கிக் கழித்திருக்கிறான். இனி தினமும் அப்படித்தான். அது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"எழுப்பவாடி?" என்றேன்.

"வேணாம்க்கா. தூங்கட்டும்" என்றாள். "நல்லாத் தூங்கிப் பழகட்டும்."

வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு நான் கிளம்புகிற நேரம் வரை, அவன் தூங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.