முன்தண்டுக்காரன்

தாய்லாந்தின் தக்குவாப்பா கடைத்தெருவில் தியாம் சூன் என்றால் யாருக்கும் தெரியாது. முன்தண்டுக்காரன் என்றால் சின்னக் குழந்தையும் வீட்டைக் காட்டும். வருஷம் முழுக்க அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள்தான். ஒன்பதாம் மாசம் ஒன்பது நாள் நடக்கிற சைவச் சாப்பாட்டு விரதத்தில் மட்டும் சீனக் கோயில் பல்லக்கின் முன்தண்டு அவன் தோளில் ஏறும். அந்த நாட்களில் அவனுக்குத் தலைகால் புரியாது.

மனைவி பெக் லான் மழைக்காலம் தொட்டு இருமிக்கொண்டு கிடந்தாள்.

"இந்த ஒரு வருஷம் எம்பக்கத்துல இருங்களேன்."

"நீ இருமுறதுக்குத் தாளம் போடவா? தண்ட விட்டா போ கியட் அண்ணன் தன் மகனுக்குக் குடுத்துடுவாரு. அப்புறம் திரும்ப வராது."

ஊர்வலத்தன்று விடியற்காலையில் அவள் இருமல் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. சாவு விழுந்த வீட்டார் கோயில் பக்கமே வரக்கூடாது, பல்லக்கைத் தொடுவது பெரும் பாவம். ஒரு நிமிஷம் நின்றான். பிறகு போர்வையை அவள் முகம்வரை இழுத்துவிட்டான். விரதத்துக்கான வெள்ளை உடுத்தான். வாசலில் சாமிக்கு மேசை போட்டு, தேநீர்க் கிண்ணங்களை வரிசையாக வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனான். அழக்கூட இல்லை, பாவி!

பட்டாசுப் புகையில் தெருவே மறைந்திருந்தது. அவன் வீட்டு வாசலுக்கு வந்ததும் பல்லக்கு ஆடியது, நின்றது, பின்வாங்கியது, கதவைப் பார்த்து முட்டியது.

"சாமி உள்ள வரணுங்குது! கொடுத்து வச்சவன்டா நீ, கதவத் தொற!" என்று கத்தினார் போ கியட். பல்லக்குக்காரர்களுக்கு அவர்தான் தலைவர்.

"வேணாம்ணே... வீடு பெருக்கல."

"சாமிக்கே சாக்கு சொல்றியா?"

கால் ஊன்றித் தடுத்தான். தள்ளியது சாமியோ, பின்னால் நின்றவர்களோ, யார் கண்டது? அவன் தோளில் இருந்த தண்டே கதவைத் திறந்தது.

உள்ளே எட்டிப் பார்த்த ஒருத்தி வீறிட்டாள்.

"பொணத்த வீட்ல வச்சுக்கிட்டா சாமியத் தொட்ட?" போ கியட் அவனைப் பிடித்துத் தள்ளினார். தண்டு அங்கேயே அவர் மகன் தோளுக்குப் போனது. பல்லக்கைச் சாம்பிராணிப் புகை காட்டிச் சுத்தம் செய்தார்கள். அடுத்த வீட்டு வாசலில் பட்டாசு மறுபடி வெடித்தது. செத்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் அந்தக் கூட்டத்தில் யாரும் விடவில்லை.

சவப்பெட்டிக்காரன் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு, விரதம் என்று ஓடிப்போனான். அவளைப் பெட்டியில் கிடத்தியதும் தியாம் சூன் தூக்க ஆள் கேட்டு வீடு வீடாகப் போய்க் கதவு தட்டினான். ஜன்னல் வழியாகப் பதில் வந்தது.

"விரதத்துல இருக்கோம்ப்பா. முடியட்டும், வர்றோம்."

"அதுவரைக்கும் அவ தாங்குவாளா?"

ஜன்னல் மூடிக்கொண்டது.

திரும்பி வந்தான். பெட்டிக்குக் கயிறு கட்டி மூங்கில் செருகினான். பழக்கதோஷத்தில் முன்பக்கம் போய்க் குனிந்து தோள் கொடுத்தான். பின்பக்கம் தரையைவிட்டு எழும்பவில்லை.