பொட்டு விழுந்த மிளகாய்ச் செடி

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்மண்டபத்துப் பக்கம் ஒரு புகையிலைக் கிடங்கில் ஒன்பது வருஷம் மூட்டை தூக்கினேன். கப்பலுக்குப் போகிற சிப்பம் எல்லாம் என் தலை ஏறித்தான் போகும். இரண்டு பேர் சேர்ந்து தூக்குவதை நான் ஒருத்தன் தூக்குவேன். நம்பாதவன் நம்ப வேண்டாம்.

வெள்ளைக்காரன் போன அடுத்த வருஷம், கிடங்கு மேஸ்திரி எல்லார் முன்னாலும் என் அம்மாவை இழுத்துத் திட்டினான். "இனிமே உன் சிப்பத்த நீயே தூக்கிக்க. இந்த வாசல மிதிச்சா என்ன ஆம்பளைன்னு கூப்பிடாத" என்று சும்மாட்டை அவன் காலடியில் வீசிவிட்டு வந்துவிட்டேன். திருவொற்றியூரில் கிணற்றோடு கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்து மிளகாய் போட்டேன். அது காய்த்தால் நான் தோட்டக்காரன். காய்க்காவிட்டால் அதே மேஸ்திரி முன்னால் போய் நிற்க வேண்டும். வேறு பிழைப்பு எனக்குத் தெரியாது.

நாற்று எல்லாம் சந்தையில் வாங்கியது. கடைசி இரண்டு பாத்தி மட்டும் பாய் கொடுத்த விதை. பாய் என் தோஸ்து, வண்ணாரப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் அவருடைய அம்மா காலத்திலிருந்து வந்த குட்டை மிளகாய் அது. கடித்தால் காது அடைத்துக்கொள்ளும்.

"மொத்த விதையும் குட்த்துட்டேன் மாமு. எங்க வூட்ல இருந்த செடியெல்லாம் கோழி கிளறிப் போட்டுச்சு. காய்ச்சதும் எனக்கு விதைக்கு நாலு பழம் எட்த்து வை, அது போதும்" என்றார்.

செடி முழங்கால் உயரம் வந்தபோது இலையில் செடிப்பேன் பிடித்தது. கிடங்கில் வேலை பார்த்தவன் எவனுக்கும் இதற்கு மருந்து தெரியும். தரையைக் கூட்டினால் வருகிற புகையிலைத் தூளைத் தண்ணீரில் ஊற வைத்து அடிப்போம். குடிசைமேல் ஏறுகிற சுரைக்கொடிக்குக்கூட அதுதான். பழைய சிநேகிதன் ஒருத்தனிடம் சொல்லி ஒரு சாக்குத் தூள் வரவழைத்தேன்.

என் வீட்டுக்காரி, "நல்லா கொதிக்க வெச்சு, ஆறினப்பறம் அடிய்யா" என்றாள்.

"கொதிக்க வெச்சா வீரியம் பூடும். புகையிலையப் பத்தி எனக்கே சொல்றியாம்மே?"

தெளிப்பது சோம்பேறி வேலை என்று எனக்கு எண்ணம். சாக்குத் துணியைக் கொதிக்க வைக்காத அந்தத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு இலையாகப் பிடித்து அழுத்தித் துடைத்தேன். இரண்டு நாள் வேலை. பேன் ஒழிந்தது. போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

நாலாம் நாள் பாயின் பாத்திகளில் மட்டும் பொட்டு விழுந்தது. பீடி நெருப்பை வைத்துச் சுட்ட மாதிரி இலை முழுக்கப் பழுப்புப் புள்ளி. தொட்டால் இலை காம்போடு கழன்று கையில் வந்தது. மற்ற செடிகளோ பச்சைப் பசேல் என்று நின்றன. சீக்கு அந்த இரண்டு பாத்தியில் ஆரம்பித்திருக்கிறது, விட்டால் தோட்டத்தையே தின்றுவிடும் என்று முடிவு கட்டினேன்.

"புடுங்கறதுக்கு முன்ன ஒரு நடை பாயக் கேட்டுட்டு வாய்யா. அவுரு வூட்டுச் செடி" என்றாள் அவள்.

"பாயிக்குப் பொட்டலம் மடிக்கத் தெரியும். செடியப் பத்தி இன்னா தெரியும்?"

இரண்டு பாத்தியையும் வேரோடு பிடுங்கினேன். தண்ணீர் போகிற கால்வாய் ஓரம் குவித்துப் போட்டேன்.

அதற்கப்புறம் ஒரு வாரம்கூட ஆகவில்லை. பசேல் என்று நின்ற செடிகளில் தேமல் படர்ந்தது. இலை திட்டுத் திட்டாக வெளுத்துச் சுருங்கியது. ஒரு செடி தப்பவில்லை. பூ உதிர்ந்தது போக, நின்ற காயும் கோணிக்கொண்டு வந்தது. கொத்தவால்சாவடிக்குக் கொண்டுபோனேன். தரகன் ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இன்னா நைனா, மொளகாயா, பூரானா?" என்றான். சந்தையே சிரித்தது.

பக்கத்துத் தோட்டக்காரன் விவசாய இலாகா ஆள் ஒருத்தரைக் கூட்டி வந்தான். மீசை சரியாக முளைக்காத பையன். காய்ந்த தூள் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புகையிலையில இருக்கற வைரஸ் ஐயா இது. கண்ணுக்குத் தெரியாத கிருமி. இலை காஞ்சு தூளானாலும் சாகாது. நல்லாக் கொதிக்க வெச்சிருந்தா செத்திருக்கும். நீங்க அழுத்தித் தேய்ச்சதுல இலையில சின்னச் சின்னக் காயம், அது வழியா உள்ள போயிடுச்சு."

பொட்டு விழுந்த செடியைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அதுதான் ஐயா நல்ல செடி. கிருமி நுழைஞ்ச இடத்தைச் சுத்தி இலை தன் சதையைத் தானே சாகடிச்சுக்கும். செத்த சதையில அந்தக் கிருமி பெருகாது, தாண்டியும் போகாது. அப்புறம் அந்த இலையையே உதிர்த்துடும். மத்த செடிக்கு அந்த சக்தி இல்ல. கிருமியை உள்ள விட்டுட்டுப் பச்சையா நின்னிருக்கு."

அறுப்பு முடிந்தபின் பெய்கிற மழை மாதிரி இருந்தது அவர் பேச்சு. எல்லாம் முடிந்தபின் வந்து எல்லாவற்றையும் அறிந்தவன் போலப் பேசுகிறான்! "போய்யா, உன் கண்ணுக்குத் தெரியாத பூச்சிய உன் பையில போட்டுகினு போ!" என்று கத்தினேன். அவர் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம் என்று தெரிந்துதான் கத்தினேன்.

அந்த வாரமே பாய் வந்தார். காலிப் பாத்தியைப் பார்த்துக் கேட்டார், நடந்ததைச் சொன்னேன்.

"நான் மூக்குப்பொடி போட்ற ஆளு. அந்தக் கையோட தொட்டாலே எங்க செடிக்குப் பொட்டு வுழும். இலை கொட்டும், பத்து நாள்ல தளதளன்னு துளிர்க்கும். எங்கம்மா காலத்துலேர்ந்து அப்டித்தான். ஒரு வார்த்த கேட்டியா மாமு?"

கால்வாய்ப் பக்கம் போனவர் குந்தி உட்கார்ந்தார். குவியலுக்கு அடியில் ஒரே ஒரு செடி சேற்றில் வேர் பிடித்து, உச்சியில் நாலு புது இலை விட்டிருந்தது. ஒரு பொட்டு இல்லை, ஒரு தேமல் இல்லை. நான் கையை நீட்டினேன்.

"தொடாத!" என்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரி கையைக் கழுவிக்கொண்டு வந்து, மண்ணோடு பெயர்த்து ஒரு தகர டப்பாவில் வைத்துக் கொடுத்தாள். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் நடந்தே போனார்.

மறுவாரம் நான் கிடங்கு வாசலில் நின்றேன். மேஸ்திரி ஒரு சும்மாட்டை எடுத்து என் காலடியில் போட்டான். குனிந்து எடுத்தேன். மேலும் நாலு வருஷம் சுமந்தேன். பிற்பாடு சொந்தமாக இரண்டு லாரி ஓட்டினவன் நான், ராயபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆனால் அந்த நாலு வருஷத்தை எந்த லாரியும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

பாய் வீட்டில் அந்த ஒற்றைச் செடி காய்த்து, கொல்லை முழுக்கப் பெருகியது. வருஷா வருஷம் என் வீட்டுக்காரி கையில் பழம் கொடுத்து அனுப்புவார். அவள் அதில் சட்னி அரைப்பாள். கண்ணில் தண்ணீர் வரத் தின்றுவிட்டு, விதை ஒன்று மீதி வைத்தாளா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.